பின்வார் அறுத்த செருப்பு

'ணங்'கென்று மேஜையில் வந்து விழுந்தது குழவியோடு ஒரு குட்டி இரும்பு உரல். இஞ்சி பூண்டு நசுக்க அடுப்படியில் வைத்திருப்பார்களே, அதுதான். அறிவுச்செல்வியின் டீ டம்ளர் ஒரு துள்ளுத் துள்ளி, பாதி டீயைப் புடவையில் கொட்டியது.

"பாருங்க. நல்லாக் கண்ணத் தொறந்து பாருங்க. என் தம்பியக் கொன்னது இதை வச்சுத்தான்."

சொன்னவர் நல்லுசாமி. ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊர்க்காரர். தம்பி பொம்மையனோடு சேர்ந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியும் முருங்கைக்காயும் வியாபாரம். வருஷக்கணக்காக ஏலம் கூவிய தொண்டை. திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக்கடை மாடியில் இருக்கும் இந்தச் சின்னத் துப்பறியும் ஆபீசில் அவர் மெதுவாகப் பேசினாலே, கீழே பூட்டு வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

ரொனால்டு உரலுக்குள் எட்டிப் பார்த்தான். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, வாய் அடங்காததால் வேலை போய், அதே வாயோடு அறிவுச்செல்வியிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தவன்.

"ஏண்ணே, இதால அடிச்சாங்களா, இல்ல இதுல வச்சு இடிச்சாங்களா? சட்டத்துல செக்ஷன் மாறும்ல?"

"ஏலே, எழவு வீட்டுக்காரன்கிட்ட நக்கலா?" நல்லுசாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ரொனால்டு, வாயை மூடு. நீங்க உக்காருங்க. யாரு, என்ன, எப்படின்னு மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் அறிவுச்செல்வி. புடவையில் டீக்கறை போகுமா என்ற கவலை அவளுக்கு ஒரு பக்கம்.

"அவன் பொண்டாட்டி பானுப்ரியாதான். வேற யாரு? வெள்ளையா எதையோ இந்த உரல்ல போட்டு நுணுக்கி அவன் கொழம்புல கலந்தா. என் வீட்டுக்காரி சன்னல் வழியாப் பாத்தா. ஒரு தடவை இல்ல, பல தடவை. போன மாசம் கறிக்கொழம்பு சோறு தின்னுட்டுக் கை கழுவல, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டான். கார்ல தூக்கிப் போட்டுத் திண்டுக்கல்லுக்கு வாரோம், ரெட்டியார்சத்திரம் தாண்டல, போயிட்டான். அப்படியே வண்டியத் திருப்பிட்டோம். நெஞ்சுவலின்னு நெனச்சு எரிச்சும்புட்டோம்."

"நெஞ்சுவலியாவே ஏன் இருக்கக்கூடாது?"

"இருக்காது. அதைத்தான் சொல்ல வாரேன்." நல்லுசாமி குரலைத் தாழ்த்தினார், அதாவது தெருவரைக்கும் மட்டும் கேட்கிற அளவுக்கு. "ஜெஸ்ஸின்னு ஒரு டாக்டரம்மா. ரத்தத்துல இருக்குற கொழுப்பு பரம்பரையா வருதா, அதாலதான் மாரடைப்பு வருதான்னு ஆராய்ச்சி பண்ண எங்க ஊர்ல கேம்ப் போட்டுச்சு. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சின்னு ஜோடி ஜோடியா ரத்தம் எடுத்தாங்க. என் தம்பிக்குச் சுத்தமான ரத்தம். கொழுப்பும் கம்மி, பரம்பரைக் கோளாறும் கெடையாதுன்னு அந்தம்மா வாயாலேயே சொல்லுச்சு. அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த வயசுல நெஞ்சு நிக்குமா? நீங்களே சொல்லுங்க."

அறிவுச்செல்வி உரலின் குழவியை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இடுப்புல தூக்கி வளத்தேன் தாயி அவனை." சட்டென்று அந்த ஏலத் தொண்டை கம்மியது. "எங்கப்பன் சின்ன வயசுலயே வயக்காட்டுல சுருண்டு விழுந்து போயிட்டாரு. பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு இவன் அழுவான். இடுப்புல வச்சுக் கொண்டு போய் விட்டுட்டு வருவேன். அவனுக்கு ஒண்ணுன்னா நான்தான். இன்னைக்குச் சாயங்காலம் பங்காளிங்க எல்லாம் என் வீட்டுல கூடுறாங்க. நீங்க வந்து 'விஷந்தான்'னு ஒரு வார்த்தை சொல்லணும். நேரா போலீஸ் ஸ்டேஷன். அவ ஜெயிலுக்கு, அவ மக தமிழ்மதி என் வீட்டுக்கு."

"விசாரிச்சுட்டு என்ன தெரியுதோ அதைச் சொல்றேன்."

"விசாரிக்க என்ன இருக்கு? சொல்றதுக்குத்தான் உங்களை வச்சது!"

"நீங்க பேசினதைத் திருப்பிப் பேச நான் ஒண்ணும் கல்யாண வீட்டு மைக் செட் இல்லை" என்றாள் அறிவுச்செல்வி. "உரல் இங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் பாப்போம்."

நல்லுசாமி கதவைச் சாத்திய வேகத்தில் காலண்டர் கீழே விழுந்தது.

"அக்கா, நம்ம கிளையண்ட்டே இவ்வளவு பாசமா இருக்காரே, எதிராளி எப்படி இருப்பாங்க?" என்றான் ரொனால்டு.

அவள் குழவியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். இரும்பு விளிம்பில் பொருக்குப் போல ஒரு வெள்ளைச் சில்லு ஒட்டியிருந்தது. பளபளவென்று மேல்பூச்சு. அதில் பாதி உடைந்த ஒரு எண், அச்சில் குத்தியது.

"எலி மருந்துல நம்பர் குத்துவாங்களா ரொனால்டு?"

"எலிக்குப் படிக்கத் தெரியாதேக்கா."

"வண்டியை எடு."

---

ஊர் முனையிலேயே பொம்மையன் வரவேற்றான். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் பேனரில், பழுத்த மாம்பழ நிறத்தில், முகத்தில் ஒரு சுருக்கம், ஒரு மரு இல்லாமல்.

"ஃப்ளெக்ஸ்காரன் கை பட்டாச் செத்தவனும் புதுமாப்பிள்ளைதான்" என்று முனகிய ரொனால்டு, பானுப்ரியாவின் வீட்டுச் சுவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். கரிக்கட்டையால் 'கொலகாரி' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். யாரோ தேய்த்து அழிக்கப் பார்த்து, கரி இன்னும் பரவியிருந்தது. எதிர் வீட்டு அம்மாள் இவர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, அந்த வாசல் பக்கமாகத் திரும்பி ஒரு துப்புத் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

பானுப்ரியா கையில் விளக்குமாறோடு வந்து நின்றாள். ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே பிறந்தவள். எவ்வளவு கோபத்திலும் அந்தப் பக்கத்து 'ங்க' போகாது.

"பெரிய மாமாதானுங்க அனுப்பிச்சாரு? அப்படியே திரும்பிப் போயிருங்க. விளக்குமாத்தை நான் கூட்டறதுக்கு மட்டும் வச்சிருக்கலைங்க."

"அவர் அனுப்பினதா நான் சொல்லவே இல்லையே."

"பால்காரர் கூட இந்த வாசல்ல நிக்கறதில்லைங்க. நல்லது பண்ண எவரு வரப் போறாங்க இங்க?"

ரொனால்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். அறிவுச்செல்வி நகரவில்லை. அவள் கண், வாசல் ஓரம் வரிசையாக விட்டிருந்த ஆண் செருப்புகளின் மேல் இருந்தது. போனவனின் பொருளைப் பொதுவாக வீட்டில் வைக்க மாட்டார்கள். இவள் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருக்கிறாள். நல்ல தோல் செருப்புகள். ஆனால் ஒவ்வொன்றிலும் குதிகாலைச் சுற்றிப் பிடிக்கிற பின்வாரைக் கத்தியால் அறுத்து எடுத்திருந்தது.

"இதை யாரு அறுத்தது?"

"அப்பாதான்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பெண், தமிழ்மதி. "அப்பாவுக்குக் குதிகாலுக்கு மேல நரம்பு கட்டியாப் பொடச்சிருக்குங்க. வார் ஒரசுனா வலிக்கும். புதுச் செருப்பு வாங்குனதும் மொதல் வேலையா அறுத்துருவாரு."

"பாப்பா, உள்ள போ!"

உள்ளே சுவரில் மாலை போட்ட படம் தெரிந்தது. இது ஃப்ளெக்ஸ்காரன் கை படாத பொம்மையன். இரண்டு கண்ணிமைகளின் உள் மூலையிலும் கடலைப் பருப்பு ஒட்டியது போல மஞ்சளாகச் சின்னத் தடிப்பு.

அறிவுச்செல்வி குழவியைப் பையிலிருந்து எடுத்தாள். "விஷத்துக்கு யாரும் நம்பர் குத்த மாட்டாங்க. இது மாத்திரை. என்ன மாத்திரைன்னு மட்டும் சொல்லுங்க பானுப்ரியா. நான் போயிடறேன்."

விளக்குமாறு கீழே விழுந்தது. அத்தனை நேரம் நிமிர்ந்து நின்றவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழுப்பு மாத்திரைங்க" என்றாள் மெல்ல. "கல்யாணமான புதுசுல திண்டுக்கல்லுல ஒரு டாக்டரு அவரு ரத்தத்தைப் பாத்துட்டு, ஆயுசுக்கும் போடோணும்னு சொன்னாருங்க. ஒழுங்காப் போட்டுட்டுத்தான் இருந்தாரு. இந்தக் கேம்ப் ரிசல்ட்டு வந்துது பாருங்க, அண்ணனும் தம்பியும் சிரிச்சுட்டே மாத்திரையெல்லாம் தூக்கிக் குப்பைல போட்டாங்க. எனக்கு மனசு கேக்கலைங்க. மறுபடி வாங்கி, நுணுக்கி, குழம்புல கலந்து போட்டேன். ஒரு நா கண்டுபிடிச்சுட்டாருங்க. 'என்னைப் பைத்தியக்காரன்னு நெனச்சியா'ன்னு கத்திட்டு, அன்னைல இருந்து அண்ணன் வீட்டுலதான் சாப்பாடு."

"அண்ணன்கிட்ட மாத்திரை விஷயம் சொன்னாரா?"

"சண்டைன்னு மட்டும் சொல்லியிருக்காருங்க. என்னைக் காட்டிக் குடுக்கலை." அவள் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. "மாசக்கணக்கா வராத மனுசன் அன்னைக்குத்தான் சமாதானமாகி வந்து, கறி எடுத்து வைன்னாரு. நான் பாவி, அன்னைக்கும் கலந்தேனுங்க. சுத்தமான ரத்தம் இருக்கறவருக்கு வேண்டாத மாத்திரையைக் குடுத்துட்டேன். சாப்பிட்ட கையோட போயிட்டாரு. நான்தானுங்க கொன்னேன். போய்ச் சாயங்காலம் சொல்லுங்க. எம் பொண்ணை மட்டும் அவங்ககிட்டக் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது.

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் ரொனால்டு வேகத்தைக் குறைத்தான்.

"கேஸ் முடிஞ்சுதாக்கா? அந்தம்மாவே ஒத்துக்கிச்சு."

"எனக்கு ஒண்ணு இடிக்குது ரொனால்டு. ஒருத்தர் பாக்கெட்டுல ஒரே சமயத்துல ரெண்டு ஊர் டிக்கெட் இருந்தா நீ என்ன பண்ணுவ?"

"ஒண்ணு அடுத்தவன் டிக்கெட்டும்பேன்."

"முதல் டாக்டர், கொழுப்பு ஜாஸ்தின்னாரு. ரெண்டாவது டாக்டர், கொழுப்பே இல்லைன்னாங்க. ஆளு ஒருத்தர்தான். ரெண்டாவது டாக்டரைப் பாக்கணும். விடு திண்டுக்கல்லுக்கு."

---

டாக்டர் ஜெஸ்ஸியின் ஆய்வுக்கூடம் திண்டுக்கல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கட்டடம். முன்பக்கக் கண்ணாடியில் பாதி இல்லை. அட்டையை வைத்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே போன இருவரையும் உட்காரச் சொல்ல யாரும் தயாராக இல்லை.

"நல்லுசாமி ஆளுங்களா? வெளியே போங்க" என்றார் ஜெஸ்ஸி. "போன வாரம் அந்த ஆள் வந்து கத்தி, கண்ணாடியை உடைச்சுட்டுப் போயிருக்கார். தம்பிக்கு மாரடைப்பு வரவே வராதுன்னு நான் எழுதித் தரணுமாம். யாருடைய ரத்த விவரத்தையும் நான் வெளியே சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம் டாக்டர். நீங்க என்ன கண்டுபிடிக்கப் பாக்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு பொம்பளையைக் கொலைகாரின்னு ஊரே துப்புது. அதுக்கு ஆதாரம்னு உங்க ரிசல்ட்டைத்தான் காட்டுறாங்க."

ஜெஸ்ஸி பேனாவை வைத்தார். கோபம் இறங்கவில்லை, ஆனாலும் தன் வேலையைப் பற்றிக் கேட்டால் பேசாமல் இருக்க முடியாத ஆள்.

"ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு மாரடைப்பு வருது. ஆனா கொழுப்பாலதான் வருதா? அந்த ஆள் பீடி குடிப்பான், தூங்க மாட்டான், கிடைச்ச நேரமெல்லாம் பிரியாணி. எது குற்றவாளி?"

"சம்பவ இடத்துல நாலு பேர் நிக்கிறாங்க. கொழுப்பும் அதுல ஒருத்தன். திருடனா, வேடிக்கை பாத்தவனான்னு தெரியலை."

டாக்டர் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். கோவில்ல பூக்கட்டிப் போட்டுப் பாப்பாங்கள்ல? சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். சில அப்பாக்கள்கிட்ட அப்படி ரெண்டு பொட்டலம் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுல ஒண்ணுதான் போகும். எது போகும்னு யாருக்கும் தெரியாது. சிவப்பு விழுந்த பிள்ளைக்குப் பிறந்ததுல இருந்தே ரத்தத்துல கொழுப்பு தேங்கும். வெள்ளை விழுந்த பிள்ளைக்குத் தேங்காது. இது பீடிக்கும் பிரியாணிக்கும் முன்னாடியே முடிவாயிடுது. அண்ணன் தம்பின்னா ஒரே பானைச் சோறு, ஒரே கிணத்துத் தண்ணி. பொட்டலம் மட்டும் வேற வேற. அப்படியும் சிவப்பு விழுந்தவனுக்கே அதிகமா மாரடைப்பு வந்துதுன்னா?"

"கொழுப்பு கையும் களவுமா மாட்டிக்கிச்சு."

"அதுக்காகத்தான் ஜோடி ஜோடியா ரத்தம் எடுத்தேன். ஊர் ஊராப் போய், எல்லார்கிட்டயும் திட்டு வாங்கி." ஜெஸ்ஸிக்கு மறுபடி கோபம் ஏறியது. "இந்த நல்லுசாமி வீட்டு ஜோடி எனக்குப் பிரயோஜனமே இல்லை, தெரியுமா? எடுத்து ஓரமா வச்சுட்டேன். அதுக்குள்ள வந்து கண்ணாடியை உடைக்கிறார்!"

"ஏன் பிரயோஜனம் இல்லை?"

"இரட்டைப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் என்னத்த ஒப்பிட? ரெண்டு பேருக்கும் அச்சு அசல் ஒரே..." டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சொல்லக் கூடாததைச் சொல்லியாயிற்று.

"பிறந்த தேதி வேற வேறயா இருந்திருக்குமே?"

"ஊர்ல பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்டதுதான் பிறந்த தேதி. அதை வச்சு நான் எதையும் நம்பறதில்லை."

ரொனால்டு அட்டை ஒட்டிய கண்ணாடியைத் தடவிக்கொண்டே சொன்னான்: "நம்ம கிளையண்ட் பொறந்தப்பவே ரொம்பப் பொறுப்பான ஆளு போலக்கா. இரட்டைல ஒண்ணு, இன்னொண்ணை இடுப்புல தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கு."

அறிவுச்செல்வி திரும்பி அவனைப் பார்த்த பார்வையில், தான் சொன்னது வெறும் நக்கல் இல்லை என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

"டாக்டர்," என்றாள் அவள், "குதிகாலுக்கு மேல நரம்பு கட்டியாப் புடைச்சு, கண்ணிமை மூலையில மஞ்சளாத் தடிப்பு இருந்தா என்ன அர்த்தம்?"

"சிவப்புப் பொட்டலம்னு அர்த்தம். கொழுப்பு போய் அங்கெல்லாம் படிஞ்சிருக்கும். வெள்ளை விழுந்த ஆளுக்கு இப்படி வராது. யாருக்கு இருக்கு?"

"பொம்மையனுக்கு இருந்தது."

ஜெஸ்ஸியின் முகம் வெளிறியது. அவர் மெதுவாக எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, இருவருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்கார நேரமில்லை" என்றாள் அறிவுச்செல்வி. "நீங்களும் வாங்க. கேம்ப்ல ஆள் யாருன்னு பாத்தீங்களா இல்லையா?"

"ஆதார் பாத்தோமே!"

"ஆதார் போட்டோவா?" என்றான் ரொனால்டு. "அதுல நானும் எங்க பங்குத்தந்தையும் ஒரே ஆளுதான் டாக்டர்."

---

சாயங்காலம் நல்லுசாமி வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பங்காளிகள், பங்காளிகளின் பிள்ளைகள், வேலிக்கு வெளியே பாதி ஊர். நடுவில் பானுப்ரியா நின்றாள். அவளுக்கு நாற்காலி இல்லை. தமிழ்மதி அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

"வந்துட்டாங்க. சொல்லுங்கம்மா!" நல்லுசாமி கையைத் தட்டினார். "விஷந்தானே?"

"உரல்ல இருந்தது கொழுப்புக்குப் போடுற மாத்திரை" என்றாள் அறிவுச்செல்வி.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! நல்ல ரத்தம் உள்ளவனுக்கு எதுக்குடி மாத்திரை? ஆளுக்குத் தெரியாமக் கலந்தியா இல்லையா?" கூட்டம் முழுக்க ஒரே இரைச்சல். யாரோ "அவ முடியப் புடிங்கடா" என்றான். ரொனால்டு சத்தமில்லாமல் போய்ப் பானுப்ரியாவுக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்று அறிவுச்செல்வி குரலை உயர்த்தினாள். "கேம்ப்ல ஊசி குத்தினதும் உங்க தம்பி மயங்கி விழுந்துட்டாராமே. நீங்கதான் மடியில போட்டுக்கிட்டீங்களாம். டாக்டரம்மா சொன்னாங்க."

டாக்டர் ஜெஸ்ஸி அப்படி எதுவும் சொல்லவே இல்லை. ஆனால் வாயைத் திறக்காமல் நின்றார்.

"எவ சொன்னது? பொய்!" நல்லுசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊசியக் கண்டா அவன் ஊரையே தாண்டிருவான். கேம்ப் பக்கமே அவன் வரல. லோடு இருக்குன்னு மார்க்கெட்டுக்கு ஓடிட்டான். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் குடுத்தாத்தான் சேத்துக்குவோம்னாங்க. மொத நாளு எனக்குக் குடுத்தேன். மறுநாளு அவன் ஆதாரை எடுத்துட்டுப் போயி, இந்தா, இந்தக் கையில அவனுக்கும் நானே குடுத்தேன்!"

சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை மடிப்பைத் தூக்கிக் காட்டினார். தம்பிக்காக இதுகூடச் செய்யாத அண்ணன் ஒரு அண்ணனா என்று கேட்கிற மாதிரி எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

காலையிலிருந்து இந்த மனிதர் மேல் அறிவுச்செல்விக்கு இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இவர் எதையும் மறைக்கவே இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே இவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப அந்தச் சுத்தமான ரத்தம் யாரோடது?"

"எங்களோடது."

"உங்க ரெண்டு பேர்ல யாரோடது?"

"ஏம்மா, உனக்குக் கிறுக்கா? ஒரு வயித்துல பொறந்தோம். அவன் ரத்தம் வேற, என் ரத்தம் வேறயா?"

"அதானே!" என்றார்கள் பங்காளிகள்.

"ரொனால்டு, அந்தப் பையைக் குடு."

பையிலிருந்து எடுத்த செருப்பை அவள் நல்லுசாமியின் காலடியில் வைத்தாள். பின்வார் அறுத்த, பொம்மையனின் செருப்பு. வரும் வழியில் தமிழ்மதியிடம் கேட்டு வாங்கியது.

"அதைப் பாருங்க. இப்ப உங்க செருப்பைப் பாருங்க. உங்களுதுல வார் அப்படியே இருக்கு. உங்க குதிகால்ல புடைப்பு இல்லை. ஏன் நல்லுசாமி? ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?"

அவர் குனிந்து பார்த்தார். எத்தனை தடவை அந்தச் செருப்பு அவர் வீட்டு வாசலில் கிடந்திருக்கும்!

"உங்கப்பாகிட்ட ரெண்டு பொட்டலம் இருந்துச்சு" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "பூக்கட்டிப் போட்ட மாதிரி. உங்களுக்கு விழுந்தது வெள்ளை. தம்பிக்கு விழுந்தது சிவப்பு, உங்கப்பாவை வயக்காட்டுல சாய்ச்ச அதே சிவப்பு. முதல் டாக்டர் சரியாக் கண்டுபிடிச்சு மாத்திரை குடுத்தாரு. அப்புறம் கேம்ப் வந்துது. 'பொம்மையன் ரத்தம் சுத்தம்'னு ரிசல்ட் வந்துது. ரிசல்ட் சரி. ரத்தந்தான் உங்களோடது. அதை நம்பித்தான் அவரு மாத்திரையை நிறுத்தினாரு."

"இல்ல..." என்றார் நல்லுசாமி.

"மாத்திரையைக் குப்பைல போட்டது யாரு?"

அவர் டாக்டர் ஜெஸ்ஸியைப் பார்த்தார். 'இது பொய்யென்று சொல்' என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஜெஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு ரத்தமும் ஒண்ணா இருந்தப்பவே நான் உங்க வீட்டுக்கு வந்து கேட்டிருக்கணும். இரட்டைப் பிள்ளைங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன்" என்றார். பிறகு பானுப்ரியா பக்கம் திரும்பினார். "அந்த மாத்திரையால அவர் சாகலைம்மா. அது அவருக்குத் தேவையான மாத்திரை. மாசக்கணக்கா நின்னு போனதுதான் தப்பாயிடுச்சு. ஒரு வேளை கலந்ததுல ஒண்ணும் ஆகியிருக்காது."

பானுப்ரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காரியம் நடந்த அன்றுகூட அழாதவள் என்று ஊர் குறை சொன்ன அந்தப் பெண்பிள்ளை, இப்போது மண்ணை அறைந்துகொண்டு அழுதாள். முடியைப் பிடிக்கச் சொன்னவன் எழுந்து, யாரையும் பார்க்காமல், தன் நாற்காலியை அவள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

"நான்தானே தாயி சிரிச்சேன்." நல்லுசாமியின் குரல் பக்கத்தில் நின்ற அறிவுச்செல்விக்கே சரியாகக் கேட்கவில்லை. "மாத்திரையப் போடுங்கன்னு அந்தப் புள்ள கெஞ்சுச்சு. நான்தானே புடுங்கி எறிஞ்சேன். 'உன் புருசனுக்கு ஒண்ணும் ஆவாது, அவன் என் ரத்தம்டி'ன்னு சொன்னேனே..." தம்பியின் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அறுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

கூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் கலைய ஆரம்பித்தது. ஜெஸ்ஸி தயங்கித் தயங்கித் தமிழ்மதியின் அருகில் போய்க் குனிந்தார். "பாப்பா, உனக்கும் ரத்தம் பாக்கணும்டா. அப்பாகிட்ட இருந்து எந்தப் பொட்டலம் வந்திருக்குன்னு தெரியணும். சிவப்பாவே இருந்தாலும் பயம் இல்லை. இப்பவே தெரிஞ்சா மாத்திரை இருக்கு."

தமிழ்மதி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். "ஊசியா?"

அந்த ஒரு சொல் நல்லுசாமியின் காதில் விழுந்ததுதான் தாமதம். எழுந்து வந்தார். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது; கை தன்பாட்டுக்குச் சட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"புள்ளைக்கு ஊசின்னா பயம் டாக்டரம்மா. அப்பன் மாதிரியே. புள்ளையக் குத்தாதீக. எம்புட்டு வேணும்னாலும் என்கிட்ட எடுத்துக்கங்க. இந்தா..."

ரொனால்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பானுப்ரியா எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, நல்லுசாமி நீட்டிய கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"வேண்டாங்க மாமா" என்றாள். "இந்தத் தடவை அவ கையை அவளே நீட்டட்டும்."

தமிழ்மதி கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.